அசையாத படத்தில் ஒரு மேடு

இந்த அறையில எனக்குப் பிடிச்சது அந்த ஃபேன்தான் சார். நான் வந்ததுல இருந்து ஒரே வேகத்துல சுத்துது. நீங்க கேள்வி கேக்குறப்பவும் அதே வேகம், நான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறப்பவும் அதே வேகம். ஆள் பார்த்து வேலை செய்யுற பழக்கம் அதுக்கு இல்லை. என் கடையில ஒண்ணு இருக்கு, அதுக்கு மனசு வந்தாத்தான் சுத்தும்.

வாக்குமூலம் எழுதுறவர் நிதானமா எழுதட்டும், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. எதையும் மறைக்கப் போறதில்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன். ஆனா தொழில் விஷயம் கொஞ்சம் தெரியலைன்னா, என்ன நடந்ததுன்னு உங்களுக்குப் பிடிபடாது. என் தம்பி உங்ககிட்ட வந்து மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டியிருப்பான். அவன் எப்பவுமே கடைசியில இருந்துதான் ஆரம்பிப்பான். நான் முதல்ல இருந்து சொல்றேன்.

பழைய டேப்பை டிவிடியா மாத்திக் கொடுக்கிறது என் தொழில். கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டு விழா, எல்லாம் வரும். கீழே கடை, மேலே வீடு. ஒரு டிவிடியில இவ்வளவுதான் பிடிக்கும்னு ஒரு அளவு இருக்கு சார். பாத்திரத்துல இருக்கிற சாப்பாடுன்னு வச்சுக்குங்களேன். படத்தோட ஒவ்வொரு நொடியும் தட்டை வச்சுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருக்கு. எப்படிப் பரிமாறுறதுங்கிறதுதான் கேள்வி. ஒரு நொடிக்கு எவ்வளவு போடுறோமோ அதைத்தான் பிட்ரேட்னு சொல்றது.

அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு கான்ஸ்டன்ட். எல்லார் தட்டுலயும் ஒரே கரண்டி, பசிச்சாலும் சரி பசிக்காட்டியும் சரி. இன்னொண்ணு வேரியபிள். முதல் சுத்துல கம்ப்யூட்டர் படம் முழுக்க ஒரு தடவை பார்த்துட்டு வரும், யார் யார் பசியில இருக்காங்கன்னு. ரெண்டாவது சுத்துலதான் பரிமாறும். ஆட்டம் பாட்டம் இருக்கிற இடத்துக்கு அள்ளி வைக்கும். சும்மா இருக்கிற இடத்துக்கு ரெண்டு பருக்கை. எங்கே எவ்வளவு வேணும்னு முதல் சுத்துலயே திரைக்குக் கீழே ஒரு கோடு வரைஞ்சு காட்டும். அசைவு அதிகமா இருந்தா கோடு மேடா ஏறும். அசைவே இல்லைன்னா தரையோட படுத்துக்கும். இந்தக் கோட்டை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

தொழில்ல இருக்கிற எல்லாரும் வேரியபிள்தான் நல்லதும்பாங்க. பார்க்க அழகா இருக்கும், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே சார். ஆடுறவனுக்கு அள்ளி வைக்கணும்னா, அடங்கி உட்கார்ந்திருக்கிறவன் தட்டுல இருந்துதானே எடுத்தாகணும். அவன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினான்? அந்தக் கோட்டைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு வயிறெரியும். ஒரு மிஷின் மேல வயிறெரியுறவன் இருப்பானான்னு நீங்க நினைக்கிறீங்க. நினைச்சுக்குங்க.

எங்க அம்மா வேரியபிள்.

வீட்டுல தம்பிக்கு வாலுன்னு பேரு, எனக்குச் சமத்துன்னு பேரு. நிஜப் பேரைச் சொல்லி எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. அவன் மதில் மேல ஏறுவான், விழுவான், கையை உடைச்சுக்குவான். அம்மா ராத்திரி பகல் பார்க்காம அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவி வச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவேன். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், "சமத்துக்கு ஒண்ணும் வேணாம், அது பாட்டுக்கு இருக்கும்"னு சொல்லுவாங்க. பெருமையாத்தான் சொன்னாங்க. நானும் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டேன். ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். அம்மாவே கண்டுபிடிக்கட்டும்னு சொல்லாம இருந்தேன். காய்ச்சல் தானா வந்து தானா போச்சு. உங்ககிட்டதான் முதல் தடவையா சொல்றேன்.

கடை தம்பி ஆரம்பிச்சது. தொழிலையும் அவன்தான் கத்துக் கொடுத்தான், அதை நான் மறுக்க முடியாது. அப்புறம் வெளிநாட்டுல பெரிய வேலை கிடைச்சுக் கிளம்பிட்டான். கடையையும் அம்மாவையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்னு அக்கம் பக்கத்துல பேசிக்குவாங்க. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். பார்த்துக்க ஒரு நர்ஸம்மாவை வச்சோம். நல்லவங்கதான், வேலையில சுத்தம். மத்தியானம் அம்மாவுக்கு ஊட்டிவிட்டதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வருவாங்க. அந்த இடைவெளியில அம்மாவைப் பார்த்துக்கிறது என் பொறுப்பு. கடையைப் பூட்ட முடியாது இல்லையா. அதனால அம்மா கட்டிலுக்கு எதிர்ல ஒரு பழைய கேமராவை ஸ்டாண்ட்ல நிறுத்தி, வயரை ஜன்னல் இடுக்கு வழியா இறக்கி, கடையில இருக்கிற சின்ன டிவியில கொடுத்தேன். கேமராவுல சிவப்பு விளக்கு எரிஞ்சா, நான் கீழே இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். இதை அம்மாகிட்ட சொன்னேன். கண்ணை மூடித் திறந்து சரின்னாங்க. அறிவு கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்துச்சு.

தம்பிக்கு அம்மாவைப் பார்க்கணும்னு ஆசை. அதனால அந்த மத்தியான நேரத்தைத் தினமும் டேப்புல எடுத்து, ஒண்ணு ரெண்டைப் பொறுக்கி மாசம் ஒரு டிவிடி போட்டு அனுப்புவேன். முதல் டிவிடி போன உடனே போன் வந்துச்சு.

"அண்ணா, வேரியபிள்ல போடேன். நீ கான்ஸ்டன்ட்ல போட்டிருக்க. நர்ஸம்மா உள்ளே வர்றப்ப எல்லாம் படம் கட்டம் கட்டமா உடையுது."

"அம்மா முகம் நல்லாத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது. ஆனா மத்தது எதுவும் தெரியலையே. சொன்னாக் கேளுண்ணா."

சரிப்பான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவனுக்கு எல்லாமே வேரியபிள்தான். அவன் கேட்டதை எங்க வீட்டுல எப்ப யாரு மறுத்திருக்கோம்? நர்ஸம்மா திரும்பி வந்து போர்வையை உதறுற இடத்துல கோடு மலை மாதிரி ஏறும். அதுக்கு முன்னால அம்மா மட்டும் படுத்திருக்கிற நேரம் முழுக்கத் தரையில கிடக்கும். போர்வைக்கு அள்ளி வச்சுட்டு அம்மாவுக்கு ரெண்டு பருக்கை. அதைப் பார்த்தப்பத்தான் சார், எனக்கு அம்மா மேல ஒரு தனிப் பாசம் வந்தது. கடைசியில அவங்களும் சமத்து ஆயிட்டாங்க.

மணியைப் பத்திக் கேட்டீங்க. ஆமா, அம்மா கைக்கு எட்டுற மாதிரி ஒரு கைமணி இருந்துச்சு. அடிச்சா அடுத்த நொடியே மேலே ஓடுவேன். வேலையைப் போட்டது போட்டபடி ஓடுவேன். போய் நின்னா, அம்மா விரலை நீட்டிப் போனைக் காட்டுவாங்க. வாலு பேசினானான்னு அர்த்தம். இல்லைன்னா சுவத்துல இருக்கிற அவன் போட்டோவைக் காட்டுவாங்க. தண்ணி வேணுமாம்மா, திரும்பிப் படுக்கிறீங்களாம்மான்னு நான் கேட்டா, வேணாம்னு கண்ணாலயே சொல்லிடுவாங்க. ஒரு தடவையாவது எனக்காக மணி அடிச்சாங்களான்னு நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். டாக்டரும் அம்மா நல்லா ஓய்வு எடுக்கணும்னு சொல்லியிருந்தார். அதனால மணியை எடுத்து ஜன்னல் விளிம்புல வச்சேன். நர்ஸம்மா வந்ததும் எடுத்துப் பக்கத்துல வைப்பாங்க. அவங்க போனதும் நான் எடுத்துத் தள்ளி வைப்பேன். இதைப் பத்தி எங்களுக்குள்ள ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆனா அந்தம்மா என்னைப் பார்க்கிற பார்வை மாறிடுச்சு. தம்பிகிட்ட போன்ல எதையாவது வத்தி வைக்கிறாங்களோன்னு எனக்கும் ஒரு சந்தேகம். அவங்க போன் பேசினா நான் மாடிப்படியில நின்னு கேப்பேன். மருந்துச் செலவு, பிள்ளைங்க படிப்பு, வேற ஒண்ணும் இருக்காது.

அன்னைக்கும் எப்பவும் போலத்தான். நர்ஸம்மா ஊட்டிவிட்டாங்க, வாயைத் துடைச்சாங்க, திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டுக் கிளம்பினாங்க. நான் மேலே போய் டேப்பைப் போட்டேன், மணியைத் தள்ளி வச்சேன், இறங்கி வந்தேன். டேப்பு முடிஞ்சு மேலே போனப்ப அம்மா உடம்புல உயிர் இல்லை. தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எல்லாருக்கும் சொன்னேன். டாக்டர் வந்தார், வயசாச்சு, இதயம் நின்னுடுச்சுன்னு எழுதிக் கொடுத்தார். தம்பியால காரியத்துக்கு வந்து சேர முடியலை. போன்லயே அழுதான்.

நர்ஸம்மாதான் ஒத்துக்கலை. போர்வை ஏன் இப்படிச் சுருண்டிருக்கு, தலையணை ஏன் கீழே கிடக்கு, மணி எப்படி ஜன்னலுக்குப் போச்சுன்னு வந்தவங்க முன்னாலயே கேட்டாங்க. "நீங்கதானேம்மா வச்சிருப்பீங்க"ன்னு சொன்னேன். கோபமாச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னேன். அவ்வளவுதான், சுத்தி நின்னவங்க எல்லாரும் அவங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சாங்க. நோயாளியை விட்டுட்டு வீட்டுக்குப் போனவங்கன்னு பேரு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் அவங்களை வேலைக்குச் சேர்த்துக்கலையாம். கேள்விப்பட்டப்ப வருத்தமாத்தான் இருந்துச்சு. நல்லவங்கன்னு நான் முதல்லயே சொன்னேன்.

தம்பி கேட்டான், "அண்ணா, அம்மாவோட கடைசி டேப்பு இருக்கா?" இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நான் தினமும் டேப்பு போடுறது அவனுக்குத் தெரியும். அன்னைக்கு மட்டும் இல்லைன்னா யாருக்குமே உறுத்தும். அதோட எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. அதனால அந்த மாசத்து டேப்பு அத்தனையும் ஒரே டிவிடியில ஏத்தினேன். ஏத்துறது அதிகமானா பிட்ரேட்டைக் குறைச்சாகணும், அதுல தப்பு சொல்ல முடியாது. கான்ஸ்டன்ட்ல போட்டேன். எல்லா நொடிக்கும் ஒரே அளவு, ரொம்பச் சின்ன அளவு. இருட்டான அறை, மெதுவான அசைவு. அந்த அளவுல அசையுறது எதுவும் உருவமாத் தெரியாது சார். சாம்பல் நிறத்துல ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தோட ஒட்டிக்கும். போர்வை நிழல் கொஞ்சம் நெளியுற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு நொடியைக்கூட நான் வெட்டலை. அதை எழுதிக்கிட்டாரான்னு பாருங்க.

டிவிடி போய்ச் சேர்ந்ததும் போன் வந்துச்சு.

"அண்ணா, இதை மட்டும் ஏன் கான்ஸ்டன்ட்ல போட்டிருக்க?"

அவன் வச்சிருக்கிற பிளேயர்ல படத்தைப் போட்டா அந்தக் கோடும் கூடவே ஓடும் போல. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா இருந்திருக்கு. அதை நான் யோசிக்கலை. சொந்தத் தொழில்லயே கோட்டை விட்டேன்.

"அம்மா போனப்புறம் எல்லா நாளும் ஒண்ணுதானேன்னு தோணிச்சுப்பா"ன்னேன்.

அவன் "சரிண்ணா"ன்னு வச்சுட்டான். வாய் ஓயாதவன் சரின்னு ஒரே வார்த்தையோட வச்சா எப்படி இருக்கும் சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்குச் சாப்பாடு சரியா இறங்கலை. தெருவுல ஆட்டோ நின்னா எட்டிப் பார்ப்பேன். அந்த நர்ஸம்மாகிட்டயும் அவன் பேசியிருக்கான்னு பிறகுதான் தெரிஞ்சுது.

சொல்லாம கொள்ளாம வந்து நின்னான். மேலே போகலை, அம்மா படுத்திருந்த அறையைக்கூடப் பார்க்கலை. பெட்டியைக் கடை வாசல்லயே வச்சுட்டு என் நாற்காலியில உட்கார்ந்தான். "அந்த டேப்பைக் கொடுண்ணா"ன்னான். அலமாரியில வரிசையாத்தான் இருந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். ஏன் அழிக்கலைன்னு நீங்க கேப்பீங்க, அதுக்கும் வர்றேன்.

டேப்பைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினான். வேரியபிள், ரெண்டு சுத்து. முதல் சுத்து ஓட ஆரம்பிச்சுது. நான் ரெண்டு பேருக்கும் டீ போட்டேன். பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை. கோடு தரையோட தரையா போய்க்கிட்டே இருந்துச்சு. பரவாயில்லை, இப்படியே போய் முடிஞ்சுடும்னு ஒரு நினைப்பு எனக்கு. என்ன வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும், ஆனாலும் அப்படி ஒரு நினைப்பு.

கோடு ஏறிச்சு. ஏறி, இறங்காம அப்படியே நின்னுச்சு.

"அண்ணா, ரூம்ல யாரும் இல்லையே. இது என்ன மேடு?"

"திரைச்சீலை காத்துல ஆடியிருக்கும்."

"ஜன்னல் சாத்தியிருக்கு."

அந்த இடத்துல இருந்து படத்தை ஓட்டினான். சத்தம் கிடையாது, அந்தக் கேமராவுல மைக் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. அவன் டீயில ஆடை கட்டிடுச்சு. பார்த்து முடிச்சுட்டு ரொம்ப மெதுவாக் கேட்டான், "நீ அப்ப எங்கேண்ணா இருந்த?"

"இங்கேதான். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில."

அவன் நெருப்பை மிதிச்சவன் மாதிரி எழுந்தான். சின்ன டிவியைக் காட்டினான். "இது ஓடிக்கிட்டு இருந்துச்சா?" இருந்துச்சுன்னு சொன்னேன். அவன் அடிப்பான்னு எதிர்பார்த்தேன். அடிக்கலை. வாசல்ல போய்க் குந்திக்கிட்டான். அப்புறம் உங்ககிட்ட வந்தான்.

சரி, என்ன நடந்ததுன்னு சொல்றேன். சாப்பாடு தொண்டையில சிக்கியிருக்கணும். அம்மா முதல்ல மணி இருக்கிற பக்கம் கையை விட்டுத் துழாவினாங்க. அது ஜன்னல்ல இருந்துச்சு. தலையணை விழுந்துச்சு. போர்வையைப் பிடிச்சு இழுத்தாங்க. அப்புறம் கையைத் தூக்கினாங்க. நான் எழுந்தேன் சார், அதையும் எழுதச் சொல்லுங்க. கையில இருந்த வேலையைப் போட்டுட்டு மாடிப்படி வரைக்கும் போனேன். அங்கே நின்னு ஒரு தடவை டிவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா கை போன் பக்கம் நீளலை. போட்டோ பக்கமும் நீளலை. நேரா கேமராவைப் பார்த்து நீண்டிருந்துச்சு. சிவப்பு விளக்குக்குப் பின்னால யாரு இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும். விரலை மடக்கி மடக்கி வா வான்னு கூப்பிடுறாங்க. கண்ணும் என் மேலதான். நான் பிறந்ததுல இருந்து அந்தக் கண்ணு அப்படி என்னைப் பார்த்ததில்லை. நான் படியேறிப் போனா என்ன ஆகும்? முதுகுல தட்டுவேன், மூச்சு வந்துடும், தண்ணி குடிப்பாங்க. அப்புறம் விரலை நீட்டிப் போனைக் காட்டுவாங்க. அதனால திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாற்காலியை டிவிகிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டேன். கை கீழே விழுற வரைக்கும் பார்த்தேன், ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கலை. எவ்வளவு நேரம்னு நான் கடிகாரம் பார்க்கலை. டேப்புல இருக்கு.

அதை எப்படி சார் அழிக்கிறது? மேஜை டிராயர்ல ஒரு டிவிடி இருந்துச்சே, உங்க ஆளுங்க எடுத்துக்கிட்டாங்களே. அதுல அந்த ஒரு பகுதி மட்டும்தான் இருக்கு, வேற எதுவும் போடலை. ஒரு டிவிடி தாங்குற பிட்ரேட் எவ்வளவோ அவ்வளவும் அம்மாவுக்கே வச்சிருக்கேன். விரல் நகம் வரைக்கும் தெரியும். கடையை மூடுறதுக்கு முன்னால தினமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன். எல்லாம் முடிஞ்சப்புறம் அதைத் திருப்பிக் கொடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. நகல் எடுத்தா மட்டும் பிட்ரேட்டைக் குறைச்சுடாதீங்க, முகம் கலைஞ்சுடும்.

நேத்து இங்கே அதைப் போட்டுக் காட்டினப்ப தம்பி சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதானாம். வெளியில நின்ன காவலர் சொன்னார். எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்லை. அவனுக்குப் பொறாமை சார். அம்மா அவனை ஒருநாளும் அவ்வளவு நேரம் கூப்பிட்டதில்லை.